இன்னும் அன்இன்ஸ்டால் செய்யாத கேம்கள்

புதிய கேம் வந்த முதல் வாரத்தில் எழுதப்படும் விமர்சனங்களில் ஒரு சிக்கல் உண்டு. எழுதுகிறவர் அதை இடைவிடாமல் உட்கார்ந்து ஆடி முடித்திருப்பார். நம்மில் பலருக்கு அது வாய்ப்பதில்லை. இன்று முக்கால் மணி நேரம் கிடைக்கும், அப்புறம் நான்கைந்து நாள் தொடவே முடியாது, திடீரென்று ஒரு ஞாயிறு முழுக்கக் கையில் இருக்கும். இப்படி விட்டுவிட்டு ஆடும்போது கேமின் குணமே வேறாகத் தெரியும். கிராஃபிக்ஸ் எல்லாம் சில நாட்களில் கண்ணுக்குப் பழகிவிடும். பாதியில் எழுந்தால் என்ன ஆகும், இரண்டு வாரம் கழித்து வந்தால் நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பவைதான் கடைசி வரை உறுத்திக்கொண்டே இருக்கும். ஓரிரு ஆண்டுகளாக என் ஸ்டீம் டெக்கில் தங்கிவிட்ட கேம்களை அந்தக் கணக்கில்தான் இங்கே பார்க்கிறேன்.

முதலில் ஸ்டீம் டெக்கைப் பற்றி ஒரு வார்த்தை. இது வால்வ் நிறுவனத்தின் கையடக்கக் கேம் கணினி. 2022 பிப்ரவரியில் வந்த முதல் மாடல்தான் என்னுடையது. இதில் எனக்குப் பிடித்த அம்சம் பவர் பட்டன். ஒருமுறை அழுத்தினால் கேம் நின்ற இடத்திலேயே தூங்கிவிடும். மறுபடி அழுத்தினால் சில நொடிகளில் அதே இடத்தில் எழுந்துகொள்ளும். பேட்டரி 2 முதல் 8 மணி நேரம் தாங்கும் என்று வால்வ் சொன்னது உண்மைதான், ஆனால் பெரிய கேம்களுக்கு அந்த 2 பக்கமே கணக்கு வையுங்கள்.

அதிகம் ஆடியது எது என்று கேட்டால் யோசிக்காமல் பலாட்ரோ என்பேன். லோக்கல்தங்க் என்ற புனைபெயர்க்காரர் தனி ஆளாக உருவாக்கி 2024 பிப்ரவரியில் வெளியானது. பார்த்தால் போக்கர் மாதிரி இருக்கும், ஆனால் எதிரே ஆடுபவர் யாரும் இல்லை, நிஜப் பணமும் இல்லை. கையில் எட்டுச் சீட்டு. அதிலிருந்து ஜோடியோ, ஃபிளஷோ (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு), ஸ்ட்ரெயிட்டோ (வரிசையாக ஐந்து சீட்டு) இறக்கி, கேட்ட புள்ளியை எட்ட வேண்டும். முதல் சுற்றுக்கு 300 போதும். எட்டாவது ஆன்டியில், அதாவது எட்டாவது கட்டத்தில், வரும் பாஸ் சுற்றுக்கு வழக்கமாக 1,00,000 வேண்டும். வெறும் சீட்டை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போக முடியாது. சுற்றுகளுக்கு இடையில் கடையில் வாங்கும் ஜோக்கர்கள் என்ற சிறப்புச் சீட்டுகளில்தான் ஆட்டமே இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். இரண்டு ராஜாக்களை ஜோடியாக இறக்குகிறோம். ஜோடிக்கு அடிப்படையாக 10 சிப், பெருக்கி 2. ராஜாவுக்குத் தலா 10. ஆக 30 சிப்பை 2ஆல் பெருக்கினால் வெறும் 60. இப்போது நம்மிடம் இரண்டு ஜோக்கர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: பெருக்கியில் 4 கூட்டும் சாதா ஜோக்கர், பெருக்கியை மூன்று மடங்காக்கும் கேவண்டிஷ் என்ற வாழைப்பழ ஜோக்கர். இவை இடமிருந்து வலமாக வேலை செய்யும். சாதா ஜோக்கர் இடப்பக்கம் இருந்தால் 2 முதலில் 6 ஆகும், பிறகு மூன்று மடங்காகி 18, மொத்தம் 540. இரண்டையும் இடம் மாற்றி வைத்தால் 2 மூன்று மடங்காகி 6, அதோடு 4 சேர்ந்து 10, மொத்தம் 300. சீட்டும் ஜோக்கரும் அதேதான், வைத்த வரிசைதான் வேறு. இதைக் கேம் எங்கேயும் பாடம் எடுப்பதில்லை. புள்ளி ஏறும்போது ஒவ்வொரு ஜோக்கராகக் குலுங்குவதைப் பார்த்துப் பார்த்து நாமே பிடித்துக்கொள்கிறோம்.

அந்த வாழைப்பழத்துக்குள் ஒரு குறும்பும் இருக்கிறது. கேவண்டிஷ் எடுத்த எடுப்பில் கடைக்கு வராது. குரோ மிஷேல் என்ற இன்னொரு வாழைப்பழ ஜோக்கர் முதலில் அழிய வேண்டும்; அது ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஆறில் ஒரு வாய்ப்பில் அழியும். நிஜத்திலும் பனாமா நோய் குரோ மிஷேல் வாழையை ஏற்றுமதிச் சந்தையிலிருந்து துடைத்தெறிந்த பிறகுதான் கேவண்டிஷ் அந்த இடத்துக்கு வந்தது. இப்படிப்பட்ட கேமுக்கு ஐரோப்பாவின் வயது மதிப்பீட்டு அமைப்பான பெகி, சூதாட்டப் படங்கள் இருப்பதாகச் சொல்லி 18+ முத்திரை குத்தியது. மேல்முறையீட்டுக்குப் பிறகு 2025 பிப்ரவரியில் அது 12 ஆனது.

எங்கே விட்டாலும் அங்கேயே சேவ் ஆகி நிற்கும், ஒரு மாதம் கழித்துத் திறந்தாலும் எதையும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. அந்த வகையில் இதற்கு முழு மதிப்பெண். ஆனால் மேல்நிலை ஸ்டேக்குகள், அதாவது கடின நிலைகள், எனக்கு ஒட்டவில்லை. ஐந்து சுற்றில் செயலிழந்துபோகும் ஜோக்கர், சுற்றுக்கு மூன்று டாலர் வாடகை கேட்கும் ஜோக்கர் என்று வந்து சேரும்போது, விருப்பப்படி எதையாவது கட்டிப் பார்க்கும் சுகம் போய், கிடைத்ததை வைத்துத் தப்பிப்பதே வேலையாகிவிடுகிறது. அதைத்தான் சவால் என்று ரசிப்பவர்களும் இருக்கிறார்கள். நான் கீழ் ஸ்டேக்கிலேயே விதவிதமான சீட்டுக்கட்டோடு சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஸ்டார்டியூ வேலி இதற்கு நேர் எதிர். எரிக் பரோன் தனியாகச் செய்து 2016இல் வெளியிட்ட இந்த விவசாய கேமுக்கு, 2024 மார்ச்சில் கணினியில் 1.6 அப்டேட் இலவசமாகவே வந்தது. அதற்காகத்தான் நானும் திரும்பிப் போனேன். கேமில் ஒரு நாள் என்பது காலை 6 மணி முதல் இரவு 2 மணி வரை. நம் கடிகாரத்தில் கிட்டத்தட்ட 14 நிமிடம். கணினியில் படுக்கையில் போய்ப் படுத்தால்தான் சேவ் ஆகும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் சுரங்கத்தில் நல்ல தளத்தில் இருக்கும்போது யாராவது கூப்பிட்டால், ஒன்று மெனுவைத் திறந்து வைத்துவிட்டு எழ வேண்டும், அல்லது அன்றைய உழைப்பை விட்டுவிட வேண்டும். ஸ்டீம் டெக்கின் பவர் பட்டன் இல்லையென்றால் இதை இவ்வளவு காலம் வைத்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

நீண்ட இடைவெளிக்குப் பின் வரும்போது வேறொரு தொல்லை. வயலில் ஏதோ பாதி வளர்ந்து நிற்கும். எதற்காக நட்டோம், எந்தப் பெட்டியில் எதை வைத்தோம், யாருக்கு என்ன தருவதாக ஒத்துக்கொண்டோம், ஒன்றும் நினைவிருக்காது. விதை வாங்கலாம் என்று பியரின் கடைக்கு ஓடினால் அன்று புதன்கிழமையாக இருக்கும், கடை பூட்டியிருக்கும். இப்போது நான் பழக்கமாக்கிக்கொண்டது என்னவென்றால், ஒரு பருவத்தின் 28ஆம் நாள் இரவில் நிறுத்திவிடுவது. அடுத்த பருவம் பிறந்தால் பழைய பயிரில் பெரும்பாலானவை எப்படியும் பட்டுப்போகும். வயல் காலி, மனமும் காலி, எப்போது வந்தாலும் முதல் நாளிலிருந்து தொடங்கலாம். பெட்டிகளுக்குத் தனித்தனி நிறம் கொடுத்து வைப்பதும் உதவும். தெளிப்பான்கள் எல்லாம் வைத்து முடித்தபின் பண்ணை தானாக ஓடத் தொடங்கிவிடும், அப்போது கொஞ்சம் வெறிச்சோடித்தான் போகிறது. முதல் ஆண்டில் பூவாளியோடு அலைந்த பரபரப்பு திரும்ப வராது.

அடுத்து ஹாலோ நைட்: சில்க்சாங். 2019இல் அறிவித்து 2025 செப்டம்பர் 4ஆம் தேதிதான் வெளியிட்டார்கள். அன்று கூட்டம் தாங்காமல் ஆன்லைன் கடைகளே திணறின. இதைப் பற்றி எனக்கு இரண்டு மனம். நகர்ச்சியில் இவ்வளவு நேர்த்தியான 2டி கேம் இப்போது வேறு இல்லை என்றே சொல்வேன். நாம் ஆட்டுவிக்கும் நாயகி ஹார்னெட் ஓடுவதும் விளிம்பைப் பிடித்துத் தாவுவதும் கைக்கு அவ்வளவு இதம். தொடக்கத்தில் கீழ்நோக்கி அடிக்கும் அடி நேராக இறங்காமல் சாய்வாகப் பாயும். முந்தைய கேமான ஹாலோ நைட்டின் பழக்கத்தில் வருபவர்கள் எல்லோரும் முதலில் முட்களில் விழுவார்கள். அடிக்கும் பாணியை மாற்றும் வாண்டரர் கிரெஸ்ட் கிடைத்ததும் பழைய மாதிரி நேராக அடிக்கலாம் என்றானது, நானும் அதிலேயே தங்கிவிட்டேன்.

கடினம் என்பதில் எனக்குப் புகார் இல்லை. புகார் பெஞ்சிலிருந்து (செத்தால் மீண்டும் எழும் இடம்) பாஸ் (பெரிய எதிரி) வரை நடக்கும் நடையில். லாஸ்ட் ஜட்ஜ் என்ற பாஸை எடுத்துக்கொள்ளுங்கள். தோற்ற ஒவ்வொரு முறையும் காற்று வீசும் பாறைப் படிகளில் தாவித் தாவி, இடையில் பறந்துவரும் பூச்சிகளைச் சமாளித்து மேலே போக வேண்டும். போனதும் இரண்டே அடியில் விழுந்தால் மறுபடி அதே நடை. ஒருவழியாக வீழ்த்தினாலும் அது சாகும்போது வெடிக்கும். அருகில் நின்றால் அந்த வெடிப்பிலும் உயிர் போகலாம். வெறும் முக்கால் மணி நேரம் மட்டும் கிடைக்கும் நாளில் இந்த நடையே பாதி நேரத்தைத் தின்றுவிடுகிறது. கருவிகளை மறுபடி நிரப்பத் தேவையான ஷெல் துண்டுகளும் ஒரே பாஸில் மாட்டிக்கொண்டால் தீர்ந்துபோகும். அப்புறம் அவற்றைச் சேர்க்கத் தனியாக அலைய வேண்டும். வெளியான சில நாட்களிலேயே கேமை உருவாக்கிய டீம் செர்ரி ஒரு பேட்ச் விட்டு மூர்விங், சிஸ்டர் ஸ்பிளின்டர் என்ற இரண்டு பாஸ்களையும் சற்று இலகுவாக்கியது. நடைதூரத்தையும் குறைத்திருந்தால் வாழ்த்தியிருப்பேன். இருந்தும் ஹன்டர்ஸ் மார்ச் என்ற பகுதியில் ஒரு பெஞ்சையே பொறியாக வைத்திருக்கிறார்களே, அதில் உட்கார்ந்தபோது கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

எல்டன் ரிங் ஏற்கெனவே முடித்த கேம். 2024 ஜூனில் வந்த ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ என்ற விரிவாக்கத்துக்காகத் திரும்ப நிறுவினேன். ஓராண்டு இடைவெளியில் விரல்கள் எல்லாவற்றையும் மறந்திருந்தன. எந்தப் பட்டன் உருளுவது, எந்தப் பட்டன் மருந்து என்பதே தடுமாற்றம். இங்கேதான் அந்த விரிவாக்கத்தின் யோசனை எனக்குப் பிடித்தது. ஸ்காடுட்ரீ துண்டுகள் என்று தனியாகச் சேர்த்தால், அந்த நிலப்பரப்பில் மட்டும் நம் தாக்குதலும் காப்பும் கூடும். பாஸ் அடித்து நொறுக்கினால் தலையை முட்டிக்கொள்ளாமல் துண்டு தேடிக் கிளம்பிவிடலாம். சுற்றும்போதே கையும் பழகிவிடும். ஆடிக்கொண்டிருக்கும்போது நிறுத்தி வைக்க வசதி இல்லை என்ற குறை மட்டும் அப்படியே இருக்கிறது. மெனுவின் உதவிப் பகுதியில் ஒளிந்திருக்கும் மெனு விளக்கத்தைத் திறந்தால் கேம் உறைந்து நிற்கும் என்பது ஊரறிந்த ரகசியம். அதை ஒரு பட்டனாகவே கொடுத்திருக்கலாம்.

பால்டர்ஸ் கேட் 3 என் பட்டியலில் மிகப் பெரியது, விட்டுவிட்டு ஆடுபவருக்கு மிகக் கொடியதும் அதுதான். எங்கே வேண்டுமானாலும் சேவ் செய்யலாம், அதில் குறையே இல்லை. ஆனால் மூன்றாம் அங்கத்தில் நகரத்துக்குள் நுழைந்தபின் ஒரு மாதம் விட்டுப் பாருங்கள். ஜர்னலில் பணிகள் வரிசையாக நிற்கும். அந்த ஆளை நாம் ஏன் தேடினோம் என்ற காரணம் மட்டும் மண்டையில் இருக்காது. சின்னச் சின்ன விஷயங்களில் இந்தக் கேம் காட்டும் அக்கறைக்காகத்தான் பொறுத்துக்கொள்கிறேன். பிணத்தோடு பேசும் மந்திரம் ஒன்று உண்டு, ஐந்து கேள்வி கேட்கலாம். நாமே கொன்ற ஆளென்றால் பிணம் வாய் திறக்காது. உருவம் மாற்றும் மந்திரத்தைப் போட்டுக்கொண்டு வேறு முகத்தோடு போனால் பேசும்! இதை யாரும் சொல்லித் தரவில்லை, செய்து பார்த்தபோது நடந்தது. 2025 செப்டம்பரில் இதை உருவாக்கிய லாரியன் ஸ்டீம் டெக்குக்கென்றே தனிப் பதிப்பு வெளியிட்ட பிறகு நகரப் பகுதி முன்பைவிடச் சீராக ஓடுகிறது.

கிளேர் ஆப்ஸ்கர்: எக்ஸ்பெடிஷன் 33 பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கதையும் இசையும் அபாரம். முறை வைத்து அடிக்கும் சண்டைதான், ஆனாலும் எதிரி ஓங்கும்போது சரியான நொடியில் பாரி செய்ய, அதாவது அடியைத் தடுக்க, வேண்டும். பத்து நாள் விட்டால் அந்தத் தாளம் கையைவிட்டுப் போய்விடும், முதல் இரண்டு சண்டை உதைதான். பாரிக்குப் பதில் டாட்ஜ் செய்து விலகினால் கால அவகாசம் கொஞ்சம் அதிகம், அதை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம்.

அழித்துவிட்டவையும் உண்டு. தினமும் உள்ளே வந்தால்தான் பரிசு, ஒரு நாள் தவறினால் வரிசை அறுந்துவிடும், சீசன் முடிந்தால் அந்தப் பொருள் கிடைக்கவே கிடைக்காது என்று மிரட்டும் இலவச கேம்கள். பெயர் வேண்டாம், எல்லாம் ஒரே அச்சு. அவற்றைத் திறக்கும்போது ஆட்டத்துக்கு முன் மூடவேண்டிய ஜன்னல்களே ஏழெட்டு இருக்கும். சேர்த்துவைத்த பொருளெல்லாம் போனதில் ஒரு வருத்தமும் இல்லை.

இப்போது ஓடிக்கொண்டிருப்பது ஹேடீஸ் 2. 2024 மேயில் எர்லி ஆக்சஸில் (முழுமையாகும் முன்பே விற்பனைக்கு) வந்தபோது தொடாமல் காத்திருந்து, 2025 செப்டம்பரில் முழுப் பதிப்பு வந்தபின் ஆரம்பித்தேன். செத்தால் வீட்டுக்கு வருகிறோம், வந்தால் கதை நகர்கிறது; அதனால் தோற்ற மாலையும் வீணாவதில்லை. கீழே எதிரி குரோனஸை நோக்கி ஒரு வழி, மேலே ஒலிம்பஸை நோக்கி இன்னொரு வழி. கீழ்வழி பழகிவிட்டது. மேல்வழியில் கப்பல்கள் வரும் பகுதியிலேயே இன்னும் அடி வாங்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு ரன், அதாவது கிளம்பியதிலிருந்து வீடு திரும்பும் வரையான ஒரு முயற்சி, அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது, ஆனால் வீடு திரும்பியதும் பேசக் காத்திருப்பவர்களின் கூட்டம் சிறிதல்ல. அவர்களை முடித்துவிட்டு அடுத்த ரன்னுக்குக் கிளம்பும்போது கையில் எந்த ஆயுதம் என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கோடரிக்கு வேகம் போதவில்லை, அடுத்து டார்ச்சுகளை எடுத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.