பாலக்காட்டில் பத்து நாள் சக ஆதரவாளர் பயிற்சி: போய் வந்தவளின் மதிப்புரை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறையில் தையற்கடை வைத்திருக்கிறேன். அளவுமீறிய உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை மனக்கோளாறுக்குப் பதினோரு ஆண்டுகளாக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறேன். மனநோயிலிருந்து தேறியவர்கள் அதே நோயில் தவிப்பவர்களுக்குத் துணை நிற்கக் கற்றுத்தரும் பயிற்சி ஒன்றைப் பாலக்காட்டில் ஒரு தொண்டு அமைப்பு நடத்தியது. நம் பக்கத்துத் தமிழர்கள் சேரலாமா என்று கேட்கிறார்கள். சேரலாம். கட்டணமில்லை, மதியச் சாப்பாடு உண்டு, பஸ் செலவு நம்முடையது.

மூன்றாம் நாள் பயிற்சி ஒன்றுக்காகவே போகலாம். எதிரே இருப்பவர் பேசுவதைப் பத்து நிமிடம் கேட்க வேண்டும், அறிவுரை கூடாது. இரண்டாவது நிமிடத்திலேயே "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டேன். அவர் அத்தோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். நான் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது என்னிடம் அப்படிச் சொன்னவர்கள் முன்னால் நானும் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டேன்.

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்கவும் பழக்கினார்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. 'ஆம்' என்று பதில் வந்தால் அதை இரகசியமாக வைத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். இரவு பகல் எந்நேரமும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை (அரசின் மனநல உதவி எண்) அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

மருந்து பற்றிய வகுப்பு சுருக்கமாக முடிந்துவிட்டது. பங்குனி வெயிலில் உடம்பில் நீர் வற்றினால் இரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும், கை நடுக்கமும் வாந்தியும் வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதை அங்கே யாரும் சொல்லவில்லை. எழுந்து நான் சொன்னேன். பயிற்றுநர் அதைக் கரும்பலகையில் எழுதவைத்தார். என் நோயை ஓர் அறிவாக மதித்த முதல் இடம் அது.

பெரிய குறை, மொழி. கையேடு முழுவதும் மலையாளம். ஒன்பதாம் நாள் களப்பயிற்சிக்கு எல்லையோரச் சுகாதார நிலையம் ஒன்றுக்குப் போனோம். உடன் வந்த பெண் ஒரு தமிழ்ப் பாட்டியிடம் "விஷமம் உண்டோ?" என்று பரிவோடு கேட்டார். மலையாளத்தில் அது மனவருத்தம். பாட்டியோ, "நான் யாருக்கு என்ன கெடுதல் செய்தேன்?" என்று அழுதுவிட்டார். "மனசு பாரமாக இருக்கிறதா என்று கேட்கிறார்கள் பாட்டி" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினார். மனச்சோர்வுக்கு மலையாளத்தில் விஷாதரோகம் என்று பெயர். நம் வீட்டுப் பெரியவர்கள் காதில் அதில் விஷம்தான் விழும். எங்கள் சித்தூர் வட்டத்தில் இவ்வளவு தமிழர்கள் இருக்கும்போது தமிழ்க் கையேடு இல்லாதது எனக்குக் கோபமாகவே இருக்கிறது. 2017 மனநலச் சட்டம் சிகிச்சையை உரிமை என்கிறது. கேள்வியே புரியாதவருக்கு அந்த உரிமை எப்படிப் போய்ச் சேரும்?

சம்பளத்தை நம்பிப் போகாதீர்கள். சக ஆதரவாளராகப் போகும் முகாம் நாளுக்குச் சிறு மதிப்பூதியம் மட்டும்; அதுவும் தாமதமாக வருகிறது. கைத்தொழிலை விடாமல் செய்யுங்கள். நோயின் கடுமை தணியாதவர்கள் கொஞ்சம் பொறுத்துச் சேருவது நல்லது. பிறர் கதைகளைக் கேட்டுவிட்டு இரண்டு இரவுகள் எனக்கே தூக்கம் கெட்டது, மருத்துவரிடம் சொல்ல வேண்டியிருந்தது.

மலையாளம் வாசிக்கத் தெரியாதென்று தயங்குகிறவர்கள் கடைக்கு வாருங்கள். பத்து நாள் பாடத்தையும் தமிழில் எழுதிவைத்திருக்கிறேன், நகல் எடுத்துக்கொள்ளலாம்.