தலை இருந்தது, போல்ட் இல்லை: டிரெய்லர் ஹூக் வேலைக்கு வண்டி விடுபவர்கள் கவனத்துக்கு

டிராக்டர், டிரெய்லர் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஒரு தடவை வண்டிக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். பட்டறையின் பெயரைப் போடப்போவதில்லை. கள்ளக்குறிச்சிப் பக்கம் என்பது போதும்.

போன தை மாதம், கரும்பு வெட்டு மும்முரமாக நடந்த நேரம். வெறும் டிரெய்லரோடு திரும்பும்போது பள்ளத்தில் இறங்கினால் பின்னால் ‘டொக் டொக்’ என்று சத்தம். தம்பி இறங்கிப் பார்த்தான். டிரெய்லரை மாட்டும் ஹூக் பிராக்கெட்டை டிராக்டரின் பின் ஹவுசிங்கோடு (பின்பக்க இரும்புக் கூடு) பிடித்திருக்கும் நான்கு போல்ட்டில் ஒன்றுக்குத் தலையைக் காணோம். மீதித் தண்டு உள்ளே மரையோடு ஒடிந்து நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தால், ஒடிந்த முகத்தில் முக்கால்வாசி கருத்துத் துருவேறியிருந்தது, ஓரத்தில் மட்டும் வெள்ளியாகப் பளபளப்பு. பல நாளாக விரிசல் விட்டு, மிச்சம் அன்றைக்கு விட்டிருக்கிறது. லூசான போல்ட் இப்படித்தான் போகும். இறுக்கம் இருக்கும்வரை இரண்டு இரும்பும் ஒன்றையொன்று கவ்விப் பாரத்தைப் பிடிக்கும். இறுக்கம் போய்விட்டால் ஒவ்வொரு குலுக்கலும் போல்ட்டின் கழுத்தில் விழும். மாதக்கணக்கில் ஸ்பேனர் வைத்துப் பார்க்காதது எங்கள் தப்பு.

பட்டறைக்கு விட்டோம். “ஈஸி அவுட் போட்டு எடுத்துடலாம்ணே. நாலு போல்ட்டையும் மாத்திடுங்க, கம்பெனி ஹைடென்சில் போட்டுத் தரேன்” என்றார் பட்டறைக்காரர். ஈஸி அவுட் என்றால் ஒடிந்த தண்டின் நடுவில் டிரில் போட்டு, அந்த ஓட்டையில் செருகித் தண்டைச் சுழற்றி எடுக்கும் கருவி. ஹைடென்சில் என்றால் அதிக இழுவை தாங்கும் போல்ட். 4,500 ரூபாய். ஆலையில் வெட்டு உத்தரவு வந்து, ஆட்களும் வயலில் இறங்கிவிட்டதால் பேரம் பேசவில்லை. மாலையில் போனால் வேலை முடிந்திருந்தது. நான்கு தலையும் கறுப்பு பெயின்ட்டில் புதுசு போல மின்னின. ஒடிந்த துண்டு எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை.

பதினோராம் நாள். கரும்பு லோடோடு ஊர் எல்லை வேகத்தடையில் ஏறி இறங்கியதும் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். தம்பி உடனே நிறுத்திவிட்டான். பிராக்கெட் ஒரு பக்கம் இரண்டு விரல் அளவுக்கு விலகித் தொங்கியது. இரண்டு போல்ட் மட்டும் தாங்கிக்கொண்டிருந்தன. மூன்றாவது அப்போதுதான் ஒடிந்திருக்கிறது. நான்காவதுதான் நாம் காசு கொடுத்து மாட்டியது. அதன் தலை வாஷரோடு அப்படியே பிராக்கெட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது, தலைக்குப் பின்னால் தண்டே இல்லை! வெறும் போல்ட் தலையை அறுத்து, வாஷரை அடியில் வைத்து, பிராக்கெட்டோடு வெல்டிங் பற்றவைத்து மேலே பெயின்ட் அடித்திருக்கிறார். பத்து நாளும் மூன்று போல்ட்டில்தான் லோடு இழுத்திருக்கிறோம். டிரெய்லருக்குப் பாதுகாப்புச் சங்கிலிகூட இல்லை. தம்பிக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூட வேன் வந்துகொண்டிருந்ததாம். அதை அவன் இரண்டு நாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னான்.

அப்புறம் இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு லேத் பட்டறைக்குப் போனோம். அங்கிருந்த பெரியவர் பிராக்கெட்டைக் கழற்றிவிட்டு உள்ளே பார்த்து, “தப்பா டிரில் போட்டுட்டு விட்டுட்டான் தம்பி” என்றார். ஒடிந்த தண்டில் நடு விட்டு ஓரமாக ஒரு ஓட்டை. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் ஹவுசிங்கின் மரையையே தின்றிருக்கும். முதலாமவர் முயற்சி செய்திருக்கிறார், முடியவில்லை, மூடிவிட்டார். முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே வேறு இடம் பார்த்திருப்பேன்.

பெரியவர் செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தண்டின் மேல் ஒரு வாஷர், அதன் மேல் ஒரு நட்டு வைத்து, நட்டின் துளைக்குள்ளேயே வெல்டிங் அடித்துத் தண்டோடு சேர்த்தார். அந்தச் சூட்டிலேயே துரு பிடிப்பு விடுமாம். கொஞ்சம் ஆறவிட்டு, எண்ணெய் விட்டு, ஸ்பேனரைப் போட்டு முன்னும் பின்னுமாக அசைத்தார். முதல் நட்டு பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. இரண்டாவது நட்டில் ‘கிரீச்’ என்று ஒரு சத்தம், தண்டு சுழன்று வெளியே வந்தது. இன்னொன்றையும் அதே முறையில் எடுத்தார். பிறகு 16-க்கு 2 டேப் (16 மி.மீ. போல்ட்டுக்கு 2 மி.மீ. இடைவெளியில் மரை வெட்டும் கருவி) ஓட்டி மரையைச் சுத்தம் செய்தார்.

மீதி இரண்டு போல்ட்டின் பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்தால் பழைய ஸ்பேனர் தழும்பு. நாலும் புதுசு என்ற கணக்கில் ஒன்றுகூட மாறவில்லை. அந்த ஒட்டுத் தலையில் எந்த எண்ணும் இல்லை. நல்ல போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று அச்சு இருக்கும். 8.8 என்றால் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 80 கிலோ இழுவை தாங்கும், அதில் 80 சதவீதம் வந்தால் பழையபடி திரும்பாத அளவுக்கு நீள ஆரம்பிக்கும். சாதாரண 4.6 போல்ட் அதில் பாதிதான் தாங்கும். ஹைடென்சில் போல்ட்டைப் பதப்படுத்தித்தான் தயாரிக்கிறார்கள், அதில் வெல்டிங் வைத்தால் அந்தப் பதம் போய்விடும் என்றும் பெரியவர் சொன்னார். அதனால் ஹூக் போல்ட்டின் ஓரத்தில் எங்கே வெல்டிங் பொட்டு தெரிந்தாலும் சந்தேகப்படுங்கள்.

நான்கு புது 8.8 போல்ட், ஸ்பிரிங் வாஷர், கூலி எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய். எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துச் சுமார் 20 கிலோவுக்கு முறுக்கினார், அதாவது ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் 20 கிலோ எடை. உங்கள் வண்டிப் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதையே வையுங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி வந்து செக் பண்ணச் சொன்னார், அதற்குக் காசு வாங்கவில்லை. சங்கிலியும் அன்றே போட்டோம்.

அறுத்த தலையை எடுத்துக்கொண்டு பழைய பட்டறைக்குப் போனேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சீசன் நேரம்ணே, நீங்களும் அவசரப்படுத்துனீங்க” என்றார். அதில் பாதி உண்மைதான். 4,500 திரும்பி வரவில்லை. தலையை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். டூல் பாக்ஸில், பெரியவர் எடுத்துக் கொடுத்த தண்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.