தாழ் மீடிறன் வடிகட்டி: கத்தியால் திருத்தக்கூடியதே என் தெரிவு

1,300 மெகாஹேட்ஸில் இயங்கும் சிறிய விரியலாக்கி ஒன்றின் வெளியீட்டில், கூடவே வருகின்ற 2,600 மெகாஹேட்ஸ் இரட்டை மடங்கைத் தடுப்பதற்கு எனக்கொரு மைக்ரோஸ்ட்ரிப் வடிகட்டி (அடியில் செம்புத் தளம் இருக்க, பலகையின் மேலே செம்புத் தடமாக வரைவது) தேவைப்பட்டது. பலகை 1.6 மிமீ தடிப்புள்ள சாதாரண எஃப்ஆர்4, அதாவது கண்ணாடியிழைப் பலகை. வெட்டு மீடிறன், அதாவது தடுப்புத் தொடங்கும் எல்லை, 1,500 மெகாஹேட்ஸ்.

முதலில் எண்ணியது, ஒடுக்கமும் அகலமுமாக மாறி மாறிச் செல்லும் படித் தடங்கல் வகையை. 120 ஓம் பகுதிக்கு 0.4 மிமீ, 20 ஓம் பகுதிக்கு 11 மிமீ அகலம் என்று கணக்கு எளிதாகவே முடிகிறது. ஆனால் ஐந்து பகுதிகளுக்கு ஏறத்தாழ 50 மிமீ நீளம் செலவாகியும் ஏட்டளவில் 2,600 இல் 27 டெசிபெல் தடுப்புத்தான் வரும். ஏழு பகுதிகளாக்கினால் நீளம் 80 மிமீயை நெருங்கும். சிறிய பெட்டிக்கு அது ஒத்துவராது.

அடித்தளச் செம்பில் டம்பெல் வடிவத் துளை வெட்டும் முறை கவர்ச்சியானது. திரும்பி வரும் மின்னோட்டம் துளையைச் சுற்றிப் போக நேர்வதால் தூண்டலும், நடுவிலுள்ள ஒடுங்கிய பிளவினால் கொள்ளளவமும் கிடைக்கின்றன. மேற்பரப்பில் இடமே வேண்டியதில்லை. அப்படியொன்றைச் செய்து, மேசையில் வைத்து அளந்தபோது வளைவு அழகாகவே விழுந்தது. பின்னர் அலுமினியப் பெட்டியின் அடியோடு சேர்த்துத் திருகாணி பூட்டியதும், துளைகளைப் பெட்டியின் உலோகமே மூடிவிட, வடிகட்டி வெறும் கம்பியாகிவிட்டது. பலகைக்கு அடியில் போதிய இடைவெளி விடக்கூடியவர்களுக்கு இது நல்ல வழிதான்; எனக்கு அந்த வசதி இருக்கவில்லை.

ஆகவே நான் தெரிந்தது, தடத்திலிருந்து பக்கவாட்டில் நீண்டு முனை எதனோடும் இணையாமல் நிற்கும் செம்புத் துண்டுகளாலான திறந்த கிளை வகையை: மூன்று கிளைகள், அவற்றை இணைக்கும் இரண்டு ஒடுங்கிய தடங்கள், மொத்த நீளம் 35 மிமீக்குள். கடத்தும் பட்டையில், அதாவது வெட்டு மீடிறனுக்குக் கீழே, ஒவ்வொரு கிளையும் ஒரு கொள்ளளவியாக நடந்துகொள்கிறது. தன் நீளம் கால் அலைநீளமாகும் மீடிறனில் தடத்தையே குறுஞ்சுற்றாக்கிவிடுகிறது. 2,600 மெகாஹேட்ஸுக்கு அந்தக் கால் அலைநீளம் சுமார் 16 மிமீ.

தீர்மானத்தைச் சாய்த்தது பருமனன்று, பலகை கைக்கு வந்த பிறகு அதைத் திருத்த முடியுமா என்பதே. எஃப்ஆர்4 இன் மின்னுழைய மாறிலி (அலைநீளம் பலகையில் எவ்வளவு குறுகும் என்பதைத் தீர்மானிப்பது) 4.2 ஆகவும் இருக்கலாம், 4.6 ஆகவும் இருக்கலாம். அந்த வேறுபாடு மாத்திரமே தடுப்புக் குழியை, அதாவது தடுப்பு மிக ஆழமாக இருக்கும் மீடிறனை, ஐம்பது அறுபது மெகாஹேட்ஸ் அங்குமிங்கும் நகர்த்திவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து புதுப் பலகைக்குச் சொல்லிவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பவனுக்கு அது சிறிய விடயமல்ல. திறந்த கிளையில் ஒரு மில்லிமீற்றரைக் குறைத்தால் குழி ஏறத்தாழ 160 மெகாஹேட்ஸ் மேலே போகும். வேண்டுமென்றே ஒரு மிமீ நீட்டி வரைந்து, அளவீட்டுக் கருவியைப் பார்த்தபடியே கத்தி நுனியால் கால் மில்லிமீற்றர் கால் மில்லிமீற்றராகச் சுரண்டிக்கொண்டு போகலாம். கூடிவிட்டால் செப்பு நாடாத் துண்டொன்றைப் பற்றவைக்கலாம். டம்பெல் துளையில் இந்த வேலை பலகையின் மறுபக்கத்தில், பெட்டிக்குள் மறைந்துவிடுகிறது.

கொண்டையூசிபோல் மடித்த தடங்களைக் கொண்ட ஹெயார்பின் ஒத்ததிர்வு வகை இதனிலும் ஒடுக்கமானது, சரிவும் கூர்மையானது. ஆனால் அதன் 0.2 மிமீ இடைவெளி ஃபெரிக் குளோரைட்டில் அரிக்கும்போது கொஞ்சம் அகன்றாலும் கணக்குத் தப்பிவிடும். ஒருமுறைதான் முயன்றேன் என்பதால் என் சொல்லை இதில் பெரிதாக எடுக்கவேண்டாம்.

திறந்த கிளைக்கும் குறையுண்டு. நான்காம் மடங்கான 5,200 இல் கிளை அரை அலைநீளமாகி, இல்லாதது போலவே ஆகிவிடும். தேவையானால் பாதி நீளத்தில் இன்னொரு சிறு கிளை வைக்கலாம். என் கருவி 3,000 மெகாஹேட்ஸோடு நின்றுவிடுவதால் அந்தப் பகுதியை நான் அளந்து பார்க்கவில்லை.

சுரண்டிய செம்பு இங்கத்தைய உப்புக்காற்றில் விரைவில் பச்சை பிடிக்குமாதலால் மேலே மெல்லிய வார்னிஷ் பூசுகிறேன். அப்பூச்சு குழியைச் சற்றுக் கீழே இழுக்கும். அதற்கென்று கடைசிச் சுரண்டலில் ஒரு மயிரிழை கூடுதலாகவே எடுத்துவிடுவது வழக்கம்.