245 வேராவைத் தேட ஜேபிஎல் தரவுத்தளம்: ஒரு சின்னக் குறையோடு அருமையான இலவச சேவை

நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் நடத்தும் ஸ்மால் பாடி டேட்டாபேஸை (சிறுகோள், வால்மீன் போன்ற சிறு வான்பொருள்களின் தரவுத்தளம்), சிறுகோள்கள் மேல் ஆர்வம் உள்ள எல்லாரும் ஒருமுறையாவது பயன்படுத்திப் பார்க்க வேண்டும். காசு கிடையாது, கணக்கு தொடங்கவும் வேண்டாம். தேடல் பெட்டியில் 245 என்ற வரிசை எண்ணை அடித்தால் வேரா என்ற சிறுகோள் வந்துவிடும். நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் வானியலாளர் நார்மன் போக்சன் 1885 பிப்ரவரி 6 அன்று கண்டுபிடித்த கல் சிறுகோள் இது.

சுமார் 80 கிலோமீட்டர் விட்டம், தன்னைத்தானே சுற்ற 14 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், சூரியனைச் சுற்ற ஏறக்குறைய ஐந்தரை வருடம், எஸ் வகை (அதாவது கல் வகை) என எல்லாம் ஒரே பக்கத்தில் கிடைக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது, சுற்றுப்பாதை எண்கள் ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே அதன் பிழை வரம்பையும் போட்டிருப்பதுதான். விட்டம், ஒளி எதிரொளிப்பு போன்றவற்றுக்கு எந்த ஆய்விலிருந்து எடுத்தார்கள் என்ற குறிப்பும் உண்டு. எண்ணை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டுப் போகும் தளங்களைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

குறை என்று பார்த்தால் வகைப்பாடு. சூரியனிலிருந்து சராசரித் தூரம் 3.2 வானியல் அலகைத் (ஒரு அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள சராசரித் தூரம்) தாண்டினால்தான் இங்கே 'வெளிப்பட்டை' என்று போடுவார்கள். வேராவின் சராசரித் தூரம் சுமார் 3.1, அதனால் வெறும் 'முதன்மைப் பட்டை' (செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே உள்ள சிறுகோள் பட்டை) என்றே வருகிறது. ஆனால் வானியலாளர்கள் பலர் 2.82-இல் உள்ள, சிறுகோள்கள் அரிதான கிர்க்வுட் இடைவெளியைத்தான் எல்லையாக வைக்கிறார்கள், எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது, ஏனென்றால் அங்கே ஒரு பொருள் 5 சுற்று முடிப்பதற்குள் வியாழன் 2 சுற்று முடித்து, அதன் ஈர்ப்பு திரும்பத் திரும்ப இழுத்து அந்த இடத்தையே காலி செய்துவிட்டது. அந்தக் கணக்கில் வேரா வெளிப்பட்டையைச் சேர்ந்தது. கரிய சிறுகோள்களே அதிகம் உள்ள அந்தப் பகுதியில், தன் மேல் விழும் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும் கல் சிறுகோள் என்பதுதான் இதன் சிறப்பே. போக்சன் மெட்ராஸிலேயே கண்டுபிடித்த சில்வியா, கமில்லா என்ற சிறுகோள்களையும் அதே தளத்தில் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள், ரெண்டும் எவ்வளவு இருண்டவை என்று தெரியும்.

அப்புறம், வானத்தில் எங்கே இருக்கிறது என்று பார்க்க ஜேபிஎல்லின் ஹொரைசன்ஸ் சேவை இருக்கிறது. புதியவர்கள் இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். பார்வையிடமாக முதலில் பூமியின் மையம்தான் இருக்கும், அதை உங்கள் ஊருக்கு மாற்றிவிடுங்கள். நேரமும் உலக நேரத்தில் வரும், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். அதில் வரும் பிரகாச எண், 5 படி வித்தியாசம் என்றால் பிரகாசத்தில் 100 மடங்கு வித்தியாசம் என்று 1856-இல் போக்சன் முன்வைத்த அதே அளவுகோல்தான்! எண் கூடக் கூட மங்கல். வேரா சூரியனுக்கு எதிர்ப்பக்கம் வரும் காலத்தில் அது ஏறக்குறைய 11-லிருந்து 13-க்குள் இருக்கும், அதனால் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே கிளம்பும் முன் பிரகாச எண் உள்ள அந்த ஒரு நெடுவரிசையை மட்டுமாவது பார்த்துவிடுங்கள்.