விளக்கம் இருக்கிறது, சொல் எங்கே? – சொல் கண்டுபிடிக்கும் செயலிகளோடு நீண்ட நாள் பழக்கம்

விளக்கத்தைக் கொடுத்து அதற்கான சொல்லைக் கேட்கும் செயலிகளை வருடக்கணக்கில் விளையாடி வருகிறேன். அலுத்துப்போய் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவியதும் உண்டு. அருஞ்சொற்கள்தான் திணறடிக்கும் என்று நினைத்து இறங்கினால், கீல், காம்பு, கொட்டாவி என்று அன்றாடச் சொற்களே ஆளைக் கவிழ்க்கின்றன.

‘கதவு திறந்து மூடும்படி அதை நிலையோடு பிணைக்கும் உலோகப் பொருத்து’ என்று திரையில் வருகிறது. பொருள் கண்முன் நிற்கிறது, அதன் துருவும் கிரீச் சத்தமும் உட்பட. தாழ்ப்பாள், கொண்டி, நாதாங்கி என்று அக்கம்பக்கத்துச் சொற்களெல்லாம் வரிசையாக வந்து போகும். கீல் மட்டும் வாய்வரை வந்து நின்றுவிடும். கதவு கழன்று தொங்கினால் ஒழிய அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கு என்ன அவசியம்?

1966-இல் ஹார்வர்டில் ரோஜர் பிரௌன், டேவிட் மெக்னீல் என்ற உளவியலாளர்கள் இருவரும் இந்தத் தவிப்பை ஏறக்குறைய இதே விளையாட்டை வைத்துத்தான் ஆராய்ந்தார்கள். அதிகம் புழங்காத சொற்களின் விளக்கங்களை மாணவர்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். சொல் நாக்கு நுனியில் நின்றபோது, அதன் முதல் எழுத்தையும் அசைகளின் எண்ணிக்கையையும் மாணவர்களால் பல நேரம் சரியாக ஊகிக்க முடிந்தது. அதனால்தானோ என்னவோ, முதல் எழுத்தைக் காட்டும் குறிப்புதான் எனக்கு அதிகம் உதவுகிறது. ‘கீ’ என்று வந்தால் போதும், மீதி தானாக வந்து விழும். நான்கு விடைகளில் ஒன்றைத் தொடும் வகை எனக்கு ஒத்துவரவில்லை. விடையைப் பார்த்த பிறகு ‘அட, தெரியுமே’ என்பதில் மூளைக்கு என்ன வேலை?

விளக்கம் எழுதியவரின் கைத்திறனைப் பொறுத்தே எல்லாம். ‘ஒரு வகைப் பாத்திரம்’ என்று கேட்டால் குடம், சட்டி, அண்டா என்று எதையும் சொல்லலாம். ‘தூக்கம் வரும்போது வாய் தானாக அகலத் திறந்து காற்றை இழுத்து விடுவது’ என்றால் கொட்டாவி தவிர வேறில்லை. வாசிக்கும்போதே ஒன்று வந்தும்விடும்.

இரண்டு குறைகள் இன்றும் எரிச்சலூட்டுகின்றன. ‘தரையைக் கூட்டப் பயன்படுவது’ என்ற கேள்விக்கு விளக்குமாறு என்று தட்டினேன், தவறு என்றது. துடைப்பம்தான் வேண்டுமாம். அப்புறம் வாரியல், சீமாறு என்று சொல்லிப் பழகியவர்கள் எங்கே போவார்கள்? ஒரே பொருளுக்கு நாலு பெயர் இருக்கும் மொழியில் நாலையும் ஏற்காத செயலி விளையாட லாயக்கில்லை.

இன்னொன்று கட்டங்கள். கொட்டாவிக்கு நான்கு எழுத்து. ஒரு செயலி எட்டுக் கட்டம் போட்டு வைத்திருந்தது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யுனிகோடில் ‘வி’ என்பது ‘வ’ ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டாகத்தான் சேமிக்கப்படும். புள்ளியும் அப்படியே தனிக் கணக்கு. இதை அப்படியே எண்ணிக் கட்டம் போட்டால் ஆடுபவர் எட்டெழுத்துச் சொல்லைத் தேடிக்கொண்டே கிடப்பார். தமிழில் சொல்விளையாட்டு செய்கிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இது.

சரி, பலன்? புதுச் சொற்கள் பெரிதாகச் சேரவில்லை. சொல்வளம் பெருக்க வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். தெரிந்த சொற்கள் மட்டும் சட்டென்று வருகின்றன. ‘அந்த இது இருக்குல்ல, அதை எடு’ என்பது என் பேச்சில் நன்றாகவே குறைந்திருக்கிறது.

இப்போதெல்லாம் செயலியைவிட, ஆளுக்கு ஒரு விளக்கம் எழுதி மற்றவரைக் கேட்கும் ஆட்டம்தான் பிடித்திருக்கிறது. கண்டுபிடிப்பதைவிட எழுதுவதுதான் பெரும்பாடு. ‘நிழல்’ எப்படியோ ஒப்பேறிவிட்டது. ‘ஓரம்’ இன்னும் படியவில்லை. விளிம்பு என்று எழுதித் தப்பிக்கலாம், ஆனால் அடுத்த முறை ‘விளிம்பு’ என் பங்குக்கு வரும்.