நிற்காமல் ஓடுவதா, நடந்து நடந்து ஓடுவதா?

போன தை மாதம், நாற்பத்திரண்டு வயதில், ஓட ஆரம்பித்தேன். முதல் முயற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய், பள்ளிக்கூட நினைப்பில் பாய்ந்தேன். கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னம் வருவதற்குள் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டேன். மூன்று நாள் இதே கதை. நாலாம் நாள் முன்னங்கால் எலும்பு ஓரமாக விண்ணென்று வலி, வீட்டுப் படி இறங்க முடியவில்லை. ஆக, மனம்போன போக்கில் ஓடுவதை இந்தப் போட்டியில் சேர்க்கவே வேண்டாம்.

புதிதாக ஓடுகிறவர்களுக்கு மிச்சம் இரண்டு வழிகள். ஒன்று, ஜோஷ் கிளார்க் 1996-ல் உருவாக்கிய 'கவுச் டு 5கே' அட்டவணை, அதாவது சோபாவிலிருந்து எழுந்து 5 கிலோமீட்டர் வரை. வாரம் மூன்று நாள், ஒன்பது வாரம். முதல் வாரத்தில் 60 வினாடி ஓட்டம், 90 வினாடி நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிடம். போகப் போக நடை கரைந்து, கடைசியில் 30 நிமிடம் நிற்காத ஓட்டம். இன்னொன்று ஜெஃப் காலவேயின் ஓட்ட-நடை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் அவர். அவர் முறையில் நடை கரைவதே இல்லை. களைப்பு வருவதற்கு முன்பே, தொடக்கத்திலிருந்தே இடையிடையே நடக்க வேண்டும், பந்தயத்திலும்கூட.

செலவு இரண்டுக்கும் ஒன்றுதான்: நல்ல ஷூ, ஒரு வாட்ச்.

நான் முதலில் பிடித்தது அட்டவணையை. ஐந்தாம் வாரத்தில் ஒரு பெரிய படி இருக்கிறது. இரண்டாம் நாள் 8 நிமிடம் ஓடி, 5 நிமிடம் நடந்து, மறுபடி 8 நிமிடம். அடுத்த முறை நேராக 20 நிமிடம், நடையே கிடையாது. அதை முடித்த அன்று வீட்டில் யாரும் கேட்காமலே மூன்று தடவை சொன்னேன்.

அப்புறம் காய்ச்சல். அது விட்டதும் திருநெல்வேலியில் சித்தி மகள் கல்யாணம். 18 நாள் போயிற்று. திரும்பி வந்தால் அட்டவணை ஆறாம் வாரத்திலேயே நிற்கிறது, என் நெஞ்சு அங்கே இல்லை. ஒன்பதாவது நிமிடத்தில் நின்றேன். மூன்றாம் வாரத்துக்கு இறங்கினேன். ஃபெயிலாகி அதே வகுப்பில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஷூ அலமாரிக்குப் போய்விட்டது.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது இதுதான்: விட்டுப்போனால் திரும்ப வருவது எவ்வளவு சுலபம்? ஓட்ட-நடையில் பின்தங்குவது என்று ஒன்று இல்லை. மே மாதம் 30 வினாடி ஓட்டம், 60 வினாடி நடை என்று தொடங்கினேன். அடுத்து 30-க்கு 30. இரண்டு வாரம் விட்டால் பழைய கணக்குக்கு இறங்குவேன், அவ்வளவுதான். சென்னையில் இன்னொரு விஷயமும் உண்டு. விடியற்காலையிலேயே வேர்வை காயாது, உடம்புச் சூடு இறங்காது, நேற்று ஓடிய அதே வேகத்துக்கு இன்று நெஞ்சு கூடுதலாக அடிக்கும். அப்படிப்பட்ட நாளில் நடையைக் கூட்டிக்கொள்ளலாம். அட்டவணைக்கு சென்னை தெரியாது. மூச்சு பழகும் வேகத்தில் எலும்பும் தசைநாரும் பழகுவதில்லை என்பதால், இடையில் வரும் நடை காலுக்கும் நல்லது. எனக்கு அந்த முன்னங்கால் வலி திரும்ப வரவில்லை.

குறையும் உண்டு. வாட்ச் பீப் அடித்துக்கொண்டே இருக்கும், எதையாவது யோசித்தபடி ஓட முடியாது. கூச்சம் வேறு. வாக்கிங் வரும் பெரியவர் ஒருவர், "என்ன தம்பி, வண்டி ஸ்டார்ட் ஆகி ஸ்டார்ட் ஆகி நிக்குது?" என்றார். என் மனைவி அட்டவணையை ஒன்பதே வாரத்தில் முடித்தவள். நான் செய்வதை ஓட்டம் என்றே அவள் ஒப்புக்கொள்வதில்லை. இரண்டு மாதத்துக்குக் கல்யாணம், காய்ச்சல், வெளியூர் எதுவும் குறுக்கே வராது என்றால் அவள் வழியும் சரிதான். நான் இன்னும் 5 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. அரை மாரத்தானுக்கு எது நல்லது என்று என்னிடம் கேட்காதீர்கள்.

இப்போது 60 வினாடி ஓட்டம், 30 வினாடி நடை என்று ஓடுகிறேன், 5 கிலோமீட்டருக்கு 41 நிமிடம். மே வந்தால் மறுபடி 30-க்கு 30.