லூகரா, 1911-ஆ? முடிவு செய்தது ஒரு சின்னத் தகடு

ஓஹாயோவில் நடந்த ஒரு துப்பாக்கிச் சந்தையில், இரண்டு மேசைகளுக்கு நடுவே அரை நாள் நடந்திருப்பேன். ஒரு மேசையில் ஜெர்மன் பிஸ்டல் லூகர் பி08. இன்னொன்றில் அமெரிக்க ராணுவத்தின் எம்1911ஏ1. கையில் இருந்த பணம் ஒன்றுக்குத்தான் காணும். லூகர் ஆசையில்தான் கிளம்பிப் போனேன். வாங்கி வந்தது 1911.

அந்தக் காலத்துப் பிஸ்டல் பேச்சு என்றால் இன்னொரு ஜெர்மன் பிஸ்டலான மவுசர் சி96-ஐ ஏன் விட்டாய் என்று யாராவது கேட்பார்கள். சுவாரசியமான சாமான்தான். ட்ரிக்கருக்கு முன்னால் பெட்டி மாதிரி மேகசின், அதாவது தோட்டா அடுக்கும் கூடு. பத்துத் தோட்டாவை ஒரே பட்டையில் கோத்து மேலிருந்து அழுத்தி இறக்கலாம். உறையாக இருக்கும் மரப்பெட்டியையே பின்னால் மாட்டினால் தோளில் வைத்துச் சுடலாம். 1898-இல் சூடானின் ஓம்துர்மானில் குதிரைப்படையோடு பாய்ந்த சர்ச்சில் கையில் இருந்தது இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்பு பம்பாயில் கரையிறங்கும்போது அவருக்குத் தோள்மூட்டு பிசகியிருந்தது, அதனால் வாள் வீச்சை நம்ப முடியவில்லை. கதையெல்லாம் சரி. ஆனால் பெரிய ராணுவங்கள் எதுவும் அதைத் தன் முதன்மைப் பிஸ்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் உலகப் போரில் லூகர் போதாமல் போனபோது ஜெர்மனி ஒன்றரை லட்சம் மவுசருக்கு ஆர்டர் கொடுத்ததும் ஒப்புக்குச் சப்பாணியாகத்தான். அதனால் அதை இத்தோடு விடுகிறேன்.

லூகரும் 1911-உம் பிறந்த கேள்வி ஒன்றுதான். ரிவால்வரில் ஆறு தோட்டா. தீர்ந்தால் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். சுடும்போது பின்னால் உதைக்கிற வேகம் வீணாகத்தானே போகிறது, அதை வைத்தே வெற்றுக் கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்ற முடியாதா? மாக்சிம் தன் இயந்திரத் துப்பாக்கியில் அதைச் செய்து காட்டியிருந்தார். அதைக் கையளவுக்குச் சுருக்குவதுதான் பாக்கி.

ஜெர்மன் வழி ஹ்யூகோ போர்ஷார்ட்டிலிருந்து தொடங்குகிறது. 1893-இல் அவர் செய்த பிஸ்டலில், குழலின் பின்வாயை அடைத்து நிற்கும் பாகம் நம் முழங்கால் மாதிரி வேலை செய்யும். கால் நேராக இருக்கும்வரை எவ்வளவு பாரமும் தாங்கும். மூட்டை லேசாகத் தட்டிவிட்டால் மடங்கிவிடும். யோசனை அருமை, துப்பாக்கி விகாரம். பின்பக்கம் வால் நீட்டிக்கொண்டு நிற்கும். அதைச் செதுக்கி அழகாக்கியவர் கேயார்க் லூகர். 1900-இல் சுவிட்சர்லாந்து ராணுவம் எடுத்துக்கொண்டது. 1904-இல் ஜெர்மன் கடற்படை, 1908-இல் தரைப்படை. பி08-இல் இருக்கும் 08 அந்த வருஷம்தான்.

அமெரிக்க வழி ஜான் பிரௌனிங். அவர் வடிவமைத்து கோல்ட் நிறுவனம் 1900-இல் விற்பனைக்கு விட்டது .38 அளவுப் பிஸ்டல். இந்த எண் குண்டின் பருமன், அங்குலக் கணக்கில். அதே காலத்தில் பிலிப்பைன்ஸில் சண்டையிட்ட அமெரிக்கச் சிப்பாய்கள், .38 ரிவால்வரால் சுட்டும் எதிரி நிற்காமல் ஓடி வருகிறான் என்று புலம்பினார்கள். 1904-இல் தாம்சன், லகார்ட் என்ற இரண்டு அதிகாரிகள் சிகாகோவின் கசாப்பு மாடுகள் மேலும் சடலங்கள் மேலும் சுட்டுப் பார்த்து, .45-க்குக் குறைந்தால் ஆகாது என்று எழுதிக் கொடுத்தார்கள். 1907-இல் அமெரிக்க ராணுவம் வைத்த சோதனைக்கு லூகரும் .45-இல் ஒன்று செய்து கொண்டுவந்தார்! அடுத்த கட்டத்துக்கு அவருடைய ஜெர்மன் நிறுவனம் வரவில்லை. மிச்சம் நின்றவை கோல்ட்டும், சாவேஜ் என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனமும். 1911 மார்ச்சில் ஆளுக்கு 6000 தோட்டா சுட்டார்கள். சாவேஜ் 37 தடவை தகராறு செய்தது. கோல்ட் ஒரு தடவைகூட இல்லை. அந்த மாதம் 29-ஆம் தேதியே ராணுவம் ஏற்றுக்கொண்டது.

எடை, குண்டு கணக்கெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். லூகர் ஏறக்குறைய 870 கிராம், எட்டுத் தோட்டா. 1911 ஒரு கிலோவுக்கு மேல், ஏழு. 9 மில்லிமீட்டர் குண்டு சின்னது, வேகமானது; .45 குண்டு அதைப்போல இரண்டு மடங்கு கனம், ஆனால் மெதுவாகப் போகும். எது மேல் என்ற சண்டை நூறு வருஷமாக நடக்கிறது, நான் அதில் தலையிடவில்லை. அழகில் லூகருக்குத்தான் என் ஓட்டு.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் லூகர் இருக்கிறது. அதில் இரண்டு மேகசின் சுட்டதுதான் என் மொத்த அனுபவம், அதை வைத்துப் பெரிய தீர்ப்பெல்லாம் சொல்ல முடியாது. ஆனாலும் அந்தப் பதினாறு தோட்டாவிலேயே ஒன்று தெரிந்துவிட்டது. சாய்ந்த கைப்பிடியால் விரலை நீட்டிக் காட்டுவது போலத் தானாகவே குறி வந்து நிற்கிறது. குழல் மேலே கீழே அசையாமல் நேராகப் பின்னால் போய் வருவதால் குண்டுகள் நெருக்கமாகவே விழுந்தன. என் 1911-இல் ஒவ்வொரு முறையும் குழலின் பின்முனை கீழே இறங்கி ஏறும். அதைக் கையில் எடுத்துக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வேறு. குறியில் லூகர் ஜெயித்தது என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

அப்புறம் ஏன் வாங்கவில்லை? உதிரிப்பாகம். அவ்வளவுதான் காரணம், ஆனால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

மேசையில் இருந்த லூகரை விற்பவர், "எல்லாம் ஒரிஜினல்" என்றார். லூகரில் தொடர் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைச் சின்னச் சின்னப் பாகங்களிலும் குத்தியிருப்பார்கள். இதன் எண் 62 என்று முடிந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்: 62, 62, 62. இடதுபக்கம் ட்ரிக்கருக்கு மேல் இருக்கும் சின்னத் தகட்டில் 17. விற்பவரிடம் காட்டியதும் அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, விலையை மட்டும் சட்டென்று இறக்கினார். எண் பொருந்தாத லூகரின் விலை பாதிவரைக்கும்கூட இறங்கும் என்பது அந்தச் சந்தையில் எல்லோருக்கும் தெரியும்.

சேகரிப்பவர்களின் கிறுக்கு என்று இதைத் தள்ளிவிட முடியாது. நான் முதலில் அப்படித்தான் நினைத்தேன். லூகரில் ட்ரிக்கரை இழுத்தால் அந்த அசைவு நேராகப் போகாது. அந்தத் தகட்டுக்குள் இருக்கும் ஒரு வளைந்த நெம்புகோல் வழியாகத் திரும்பி, பக்கவாட்டில் இருக்கும் இன்னொரு தண்டைத் தள்ள வேண்டும். தகடு மயிரிழை விலகி உட்கார்ந்தாலும் ட்ரிக்கர் கனத்துப் போகும், இல்லை தடுக்கும். தொழிற்சாலையில் ஆள் உட்கார்ந்து, அரம் வைத்துத் தேய்த்து, இந்தத் தகட்டை இந்தத் துப்பாக்கிக்கென்று பொருத்தியிருக்கிறார். பத்து லூகரைக் கழற்றி ஒரே தொட்டியில் கழுவினால் எது எதனுடையது என்று குழம்பாமல் இருக்கத்தான் அந்த எண். ஒவ்வொரு லூகரும் தனிக் குடும்பம், வேற்றாள் உள்ளே வந்தால் ஒட்டாது.

1911 அப்படியில்லை. இரண்டாம் உலகப் போரில் அதைச் செய்தவர்களைப் பாருங்கள். ரெமிங்டன் ராண்ட், டைப்ரைட்டர் கம்பெனி. யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல், ரயில் சிக்னல் செய்தவர்கள். இதாக்கா, வேட்டைத் துப்பாக்கிக்காரர்கள். நம் பாட்டிமார் மிதித்த அதே சிங்கர் தையல் மெஷின் கம்பெனிகூட 500 செய்து கொடுத்தது. ஒருவர் செய்த ஸ்லைடு, அதாவது சுடும்போது பின்னால் போய் வரும் மேல்பாகம், இன்னொருவர் செய்த அடிப்பாகத்தில் போய் உட்கார வேண்டும் என்பதுதான் ராணுவத்தின் நிபந்தனை. நான் வாங்கியதில் ஸ்லைடு ரெமிங்டன் ராண்ட், அடிப்பாகம் இதாக்கா. ராணுவப் பட்டறையில் பழுது பார்க்கும்போது கலந்து கட்டியது. முழுக்க ஒரே கம்பெனியாக இருந்தால் இதற்கும் விலை கூடத்தான் செய்யும், சிங்கர் என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் கலந்து கட்டியதால் சுடுவதில் ஒரு குறையும் இல்லை.

இதன் மேல் எனக்குப் புகாரே இல்லை என்று நினைக்க வேண்டாம். முதல்முறை கழற்றியபோது, குழலுக்குக் கீழே ஸ்பிரிங்கை மூடியிருக்கும் குப்பி விரலிலிருந்து நழுவி வரவேற்பறைக் கூரையில் போய் இடித்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது, மனைவி வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறாள். குறி பார்க்கும் மேடு எறும்பு அளவுக்குத்தான் இருக்கும். என் வயதுக் கண்ணுக்கு அது சோதனைதான்.

சேறு விஷயத்தில் நான் வாய் திறக்கப்போவதில்லை. லூகர் சேற்றில் திணறும், 1911 எதையும் தாங்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பெரியவர் அதை ஒத்துக்கொள்ள மாட்டார். நான் இரண்டையும் சேற்றில் போட்டுப் பார்த்தவனில்லை, போடவும் மாட்டேன். தோட்டா பற்றி மட்டும் சொல்லலாம். மருந்து வீரியம் குறைந்த தோட்டா போட்டால் லூகரின் முழங்கால் முழுசாக மடங்காமல் பாதியில் நின்றுவிடுகிறது. என் கண் முன்னாலேயே இரண்டு தடவை நின்றது.

ராணுவங்களும் கடைசியில் இதே கணக்கைத்தான் போட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஜெர்மனி 1938-இல் வால்தரின் பி38-ஐ எடுத்துக்கொண்டது. செய்வதற்குச் சுலபம், செலவும் குறைவு. 1942 முடிவோடு தரைப்படைக்கு லூகர் செய்வது நின்றது. முதலில் வாங்கிய சுவிட்சர்லாந்தே 1929-இல் வேலைப்பாட்டைக் குறைத்துச் செய்து பார்த்துவிட்டு, 1949-இல் வேறொன்றுக்கு மாறியது. 1911 அமெரிக்கப் படையின் முதன்மைப் பிஸ்டலாக 1985 வரை நின்றது.

வாங்கி எட்டு மாதத்தில் என்னுடையதில் ஒரு ஸ்பிரிங் தளர்ந்தது. ஊரில் உள்ள கடையிலேயே புதிது கிடைத்தது, ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான். அன்றைக்கு மாலையே மாற்றிவிட்டேன். பெரியவரின் லூகரில் எல்லா எண்ணும் பொருந்தும், மேகசின் உட்பட. அதனாலேயே அவர் அதை வெளியில் எடுப்பதில்லை. ஒரு பாகம் உடைந்தால் புதிது போடலாம், ஆனால் அந்த எண்ணை எங்கே போய் வாங்குவது என்கிறார். எண்ணெய் துடைத்துத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறார். சனிக்கிழமை சுடப் போகும்போது அவர் கேட்பது என் 1911-ஐத்தான்.